'எம்' ப்ளூ-ரே: சதுரப் படமும் திடீர் மௌனமும் வட்டின் கோளாறா?

கேள்வி நீளமாக இருந்ததால் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஸ் லாங் 1931-இல் எடுத்த ஜெர்மன் துப்பறியும் படம் 'எம்'. பிள்ளைகளைக் கொல்லும் ஒருவனைப் போலீஸும் திருடர்களும் தேடும் கதை. அதன் ப்ளூ-ரேயை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். உறையில் 'சீரமைக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. ஓடவிட்டால் படம் கிட்டத்தட்ட சதுரமாக இருக்கிறது, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. சில இடங்களில் சத்தம் அடியோடு நின்றுவிடுகிறது. மணல் தூவினாற்போல் துகள், அங்கங்கே வெள்ளைப் புள்ளி, கோடு. நண்பரின் பழைய டிவிடி 105 நிமிடம்தான் ஓடுகிறது, உங்களுடையது 110. ஏமாந்துவிட்டேனா, இதை ஏஐ மென்பொருளில் ஓட்டிச் சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏமாறவில்லை. வட்டு நன்றாகவே இருக்கிறது. நீங்கள் கோளாறு என்று எழுதியவற்றில் பாதி, லாங் வேண்டுமென்றே வைத்தவை அல்லது 1931-ஆம் வருஷம் வைத்துவிட்டுப் போனவை. மீதிப் பாதிதான் நிஜமான சேதம். பழைய படத்தைச் சீரமைக்கும் ஆளுக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பெரிய வேலை. துடைப்பது அதற்கு அப்புறம்.

சதுரத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் எளிது. ஊமைப் படக் காலத்தில் 35 மி.மீ. ஃபிலிமின் இரண்டு பக்கத் துளை வரிசைகளுக்கும் நடுவில் இருந்த இடம் முழுக்கப் படத்துக்குத்தான். அகலம் 1.33 என்றால் உயரம் 1. பேசும் படம் வந்ததும் ஒலிக்கோட்டை, அதாவது சத்தம் பதியும் மெல்லிய பட்டையை, எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது. படத்தின் ஒரு ஓரத்தை அரிந்து அங்கே வைத்தார்கள். உயரம் அப்படியே இருக்க, அகலம் மட்டும் குறைந்து 1.19 ஆயிற்று. அமெரிக்காவில் 1932-இல் உயரத்தையும் கொஞ்சம் குறைத்து 1.37 என்று ஒரு அளவை நிலைநிறுத்தினார்கள். ஆக, இந்தச் சதுரப் படங்கள் மூன்று நான்கு வருஷம் மட்டுமே இருந்த ஓர் இனம். 'எம்' சரியாக அந்த இடைவெளியில் விழுந்த படம்.

உங்கள் வட்டில் குறுக்காக 1920 பிக்சல், நெடுக்காக 1080. 1.19 என்றால் படம் ஏறக்குறைய 1285 பிக்சல் அகலம்தான் வரும். ஒவ்வொரு பக்கமும் 317 பிக்சல் கறுப்பு. அந்தக் கறுப்பைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள், அது இல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பழைய பிரதிகள் பலவற்றில் இந்தப் படத்தை 1.37 சட்டத்துக்குள் திணித்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் உயரத்தில் 13 சதவீதம் போகும். படம் தொடங்கும்போது முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று கொலைகாரன் பாட்டுப் பாடி விளையாடுவதை மேலேயிருந்து காட்டுவார் லாங். ஆளின் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் வெற்றிடம் விட்டே காட்சிகளைக் கட்டியிருக்கிறார். அந்த இடத்தை அரிந்துவிட்டால் நகரம் ஆட்களை விழுங்குகிற உணர்வும் சேர்ந்தே அரிபடும்.

இனி மௌனம். உங்கள் கேள்வியில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் முதல் தடவை பார்த்தபோது நானும் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன்.

'எம்' லாங்கின் முதல் பேசும் படம். பெர்லினுக்கு வெளியே ஸ்டாக்கன் என்ற இடத்தில், ஒரு காலத்தில் செப்பலின் ஆகாயக் கப்பல்கள் நின்ற கொட்டகையில் எடுத்தார்கள். 1931 மே 11 அன்று பெர்லினில் வெளியானது. அந்த வருஷங்களில் மற்றவர்கள் சத்தம் கிடைத்த மகிழ்ச்சியில் நிமிடத்துக்கு நிமிடம் பாட்டும் பேச்சுமாக நிரப்பிக்கொண்டிருந்தார்கள். இவர் பின்னணி இசையே வைக்கவில்லை. படம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் மெட்டு கொலைகாரன் அடிக்கும் விசில். நார்வே இசையமைப்பாளர் கிரீக் 'பீர் கிந்த்' நாடகத்துக்கு எழுதிய இசையில் வரும் மலையரசன் மண்டபத்து மெட்டு அது. நடித்த பீட்டர் லோரேவுக்கு விசிலடிக்க வராது, திரையில் கேட்பது லாங்கின் விசில் என்பார்கள். கடைசியில் அவனைக் காட்டிக்கொடுப்பதும் அந்த மெட்டுதான். பலூன் விற்கும் பார்வையற்ற கிழவர் காதால் அடையாளம் கண்டுபிடிக்கிறார். மெட்டு அவ்வளவு அழுத்தமாகக் காதில் விழ வேண்டுமானால் சுற்றிலும் மௌனம் இருந்தாக வேண்டும் அல்லவா?

போலீஸ் சோதனைக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். இரவு நேரத் தெரு. போலீஸ்காரர்கள் வரிசையாக வருகிறார்கள். பூட்ஸ் சத்தம் இல்லை, வண்டிச் சத்தம் இல்லை, ஒலிக்கோட்டின் வழக்கமான 'உஸ்' இரைச்சல்கூட இல்லை. ஊமைப் படத்தைப் பார்ப்பது போல இருக்கும். அந்த மௌனத்தைக் கிழித்துக்கொண்டு ஒரு விசில், அதற்குப் பின்னால் கூச்சல். பார்க்கிறவனை உட்கார்ந்த இடத்திலேயே திடுக்கிட வைக்க 1931-இல் இப்படி ஒரு யோசனை!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படத்தை மறுவெளியீடு செய்தவர்களுக்கும் உங்களுக்கு வந்த அதே சந்தேகம் வந்திருக்கிறது. சத்தம் விட்டுப்போயிற்று என்று நினைத்து மௌனமான இடங்களில் புதிதாக ஓசைகளைச் சேர்த்தார்கள். படமும் சுமார் 99 நிமிடத்துக்குச் சுருங்கியது. பல வருஷம் உலகம் பார்த்தது அதைத்தான். ஆகவே கையில் ஒரு பிரதி கிடைத்தால் நான் முதலில் போட்டுப் பார்ப்பது இந்தச் சோதனைக் காட்சியைத்தான். தெருவில் வரும் போலீஸ்காரர்களின் காலடி கேட்டால் வட்டைத் திரும்ப உறைக்குள் போட்டுவிடலாம்.

இப்போது புள்ளியும் கோடும். இங்கேதான் நிஜமான சேதம் வருகிறது.

வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி என்று பிரித்துப் பார்த்தீர்களா? இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். பிரிண்டின்மேல் தூசி உட்கார்ந்திருந்தால் அது ஒளியை மறைக்கும், திரையில் கறுப்பாகத் தெரியும். நெகட்டிவின்மேல் தூசி உட்கார்ந்திருந்த நேரத்தில் பிரிண்ட் போட்டிருந்தால், அந்த இடத்தில் பிரிண்டுக்கு ஒளியே போயிருக்காது, வெள்ளையாக நின்றுவிடும். கறுப்புப் புள்ளியைக் கழுவலாம். வெள்ளைப் புள்ளியை எவ்வளவு கழுவினாலும் போகாது. அது தூசியே இல்லை, என்றைக்கோ இருந்த தூசியின் போட்டோ.

கீறலும் அப்படித்தான். ஃபிலிமின் அடித்தளப் பிளாஸ்டிக்கில் மட்டும் விழுந்த கீறல் என்றால் ஸ்கேன் செய்யும்போதே பெரும்பாலும் மறைத்துவிடலாம். ஃபிலிமை ஒரு திரவத்தில் நனைத்தபடி ஓட்டுவார்கள். அந்தத் திரவம் ஒளியை ஏறக்குறைய பிளாஸ்டிக் வளைக்கும் அளவுக்கே வளைக்கும், ஆகவே கீறலுக்குள் திரவம் நிறைந்ததும் கீறல் ஒளிக்குத் தெரியாது. சொரசொரப்பாகத் தேய்ந்த கண்ணாடித் துண்டை நனைத்தால் சட்டென்று தெளிவாகுமே, அதே வித்தைதான். ஆனால் கீறல் மறுபக்கம், படம் பதிந்திருக்கும் பூச்சிலேயே விழுந்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அங்கே படமே சுரண்டப்பட்டுப் போயிருக்கும்.

மென்பொருள் வேறு விதமாக வேலை செய்கிறது. ஒரு ஃபிரேமை முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களோடு ஒப்பிடும். நடு ஃபிரேமில் மட்டும் இருந்து அடுத்ததில் காணாமல் போகிற புள்ளி தூசியாகத்தான் இருக்கும் என்று தீர்மானித்து, பக்கத்து ஃபிரேமிலிருந்து ஒட்டுப்போடும். நெடுக்காக ஓடும் கோட்டில் இந்தத் தந்திரம் பலிக்காது. நூறு ஃபிரேமிலும் கோடு அதே இடத்தில் நிற்பதால், அதைக் கதவின் விளிம்பு என்றோ விளக்குக் கம்பம் என்றோ மென்பொருள் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் நன்றாகச் சீரமைத்த படங்களிலும் புள்ளி போய்க் கோடு மட்டும் மிஞ்சி நிற்கும். 110 நிமிடம் என்றால் 1,58,400 ஃபிரேம். அத்தனையையும் கையால் துடைக்க யாரிடமும் பணமும் கிடையாது, கண்ணும் கிடையாது.

தானியங்கியை நம்பி நான் பட்ட கதை ஒன்று உண்டு. சில வருஷம் பழைய படச்சுருள்களை ஸ்கேன் செய்யும் வேலையில் இருந்தேன். ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தமிழ்ப் படத்தின் ரீல். தூசி நீக்கத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் படம் பளிங்கு மாதிரி இருக்கிறது. ஆனால் நாயகி முகம் ஏதோ களையிழந்து தெரிகிறது. பத்து நிமிடம் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. அவர் தலையைத் திருப்பும்போதெல்லாம் மூக்குத்தி ஒரு ஃபிரேமுக்கு மின்னும். மென்பொருள் அத்தனை மின்னலையும் தூசி என்று பொறுக்கி எடுத்திருந்தது. மூக்குத்தி இருந்தது, ஒளி இல்லை. தப்பு மென்பொருளுடையது இல்லை, கூட்டி வைத்த என்னுடையது. ராத்திரி உட்கார்ந்து திரும்ப ஓட்டினேன்.

'எம்' படத்தில் அதே மாதிரி ஆபத்தான இடம் கத்திக் கடை. கொலைகாரன் பெக்கர்ட் கடைக் கண்ணாடி முன்னால் நிற்கிறான். உள்ளே அடுக்கி வைத்த கத்திகளின் பிரதிபலிப்பு அவன் முகத்தைச் சுற்றி வைரம் போல மின்னுகிறது. அப்புறம் கண்ணாடியில் ஒரு சிறுமி தெரிகிறாள், அவன் முகம் மாறுகிறது. அந்த மினுமினுப்பைத் தூசி என்று நினைத்துத் துடைத்தால் காட்சியே மழுங்கிவிடும்.

துகள் விஷயமும் இதையொட்டியதுதான். மணல் தூவினாற்போல் என்று எழுதியிருந்தீர்கள். அந்த மணல்தான் படம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. துகளுக்கு அடியில் தெளிவான படம் ஒன்று ஒளிந்துகொண்டு இல்லை. துகளைக் குறைக்கும் வடிப்பானை அழுத்திப் போட்டால் முகம் மெழுகுப் பொம்மை ஆகும். இதற்கும் சோதித்துப் பார்க்க இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, போலீஸ் அலுவலகத்தில் விரல் ரேகையைப் பெரிதாக்கிக் காட்டும் இடம். ரேகையின் சுழிகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிய வேண்டும்.

இரண்டாவது இடம் புகை. ஒரு அறையில் போலீஸ் அதிகாரிகள், இன்னொரு அறையில் நகரத்துத் திருடர்கள், இருவரும் அதே கொலைகாரனை எப்படிப் பிடிப்பது என்று ஆலோசிக்கிறார்கள். லாங் இங்கிருந்து அங்கே மாறி மாறி வெட்டிக்கொண்டே போகிறார், ஒருவர் தொடங்கிய கையசைவை மற்றவர் முடிக்கிற அளவுக்கு. இரண்டு அறையிலும் சுருட்டுப் புகை ஏறிக்கொண்டே போகும். சாம்பல் நிறத்தின் எத்தனையோ படிகள் மெல்ல நகரும் புகையில் இருக்கின்றன. துகளைத் துடைத்த பிரதியிலோ, தரவை இறுக்கிச் சுருக்கிய பிரதியிலோ அந்தப் புகை வரைபடத்துச் சம உயரக் கோடுகள் மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும், கட்டம் கட்டமாக நகரும். உங்கள் வட்டில் அப்படி இல்லை என்றால் நல்ல வேலைதான் செய்திருக்கிறார்கள்.

105 நிமிடக் கணக்கு. நண்பரின் டிவிடியில் எதையும் வெட்டவில்லை. சினிமா நொடிக்கு 24 ஃபிரேம், ஐரோப்பாவின் பி.ஏ.எல். தொலைக்காட்சி முறை நொடிக்கு 25. (நம் தூர்தர்ஷனும் அந்த முறைதான்.) அந்தக் காலத்து டிவிடிக்காரர்கள் 24-ஐ அப்படியே 25 வேகத்தில் ஓட்டிவிட்டார்கள். 110-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 105.6. நேரம் குறைவதோடு சுருதியும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். வேறு படத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், ஒரு விசில் மெட்டையே துப்பாக வைத்த படத்தில் எனக்கு அது உறுத்தும். ப்ளூ-ரே 24-இலேயே ஓடுவதால் இந்தப் பிரச்சினை இல்லை.

ஆனால் உங்கள் 110-உம் முழுசு இல்லை. படம் முதலில் வெளியானபோது சுமார் 117 நிமிடம். 1934-இல் நாஜி அரசு தடை செய்தது. அதற்கு முன்பே லாங்கும் லோரேயும் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். லோரேயின் தந்தை வழி, தாய் வழி இரண்டுமே யூதக் குடும்பங்கள். படத்தின் முடிவில் கொலைகாரனாக அவர் உயிரைக் கொடுத்து நடித்த இறுதிப் பேச்சின் துண்டை 1940-இல் யூத வெறுப்புப் பிரசாரப் படம் ஒன்றில் எடுத்து ஒட்டிக்கொண்டார்கள். இத்தனைக்கும் நடுவில் சில நிமிடங்கள் தொலைந்தன. 2000-இல் நெதர்லாந்து திரைப்பட அருங்காட்சியகம், ஜெர்மன் கூட்டாட்சித் திரைப்பட ஆவணக்காப்பகம், சுவிட்சர்லாந்து சினிமாதெக் முதலியவற்றோடு சேர்ந்து ஒரு சீரமைப்பைச் செய்து முடித்தது. ஒரு நாட்டில் இல்லாத துண்டு இன்னொரு நாட்டில் இருக்கும். அவற்றை ஒட்டும்போது ஒரு காட்சிக்குள்ளேயே வெளிச்சமும் கூர்மையும் மாறுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நகலுக்கு நகல் எடுக்க எடுக்கக் கறுப்பு இன்னும் கறுக்கும், வெள்ளை வெளிறும், நடுச் சாம்பல்கள் தொலையும். ஒட்டுப்போட்ட துண்டு எத்தனையாவது தலைமுறை நகல் என்பதைப் பொறுத்துத் துள்ளல் தெரியும். அதையும் சேதக் கணக்கில் வைக்காதீர்கள், அந்தத் துண்டு கிடைத்ததே பெரிய விஷயம்.

அமெரிக்காவின் கிரைட்டீரியன், பிரிட்டனின் யுரேக்கா ஆகிய வட்டு நிறுவனங்கள் 2010-இல் ப்ளூ-ரே வெளியிட்டன. கிரைட்டீரியன் வட்டில் ஒரு உபரி இருக்கிறது: படத்தின் ஆங்கிலப் பதிப்பு. டப்பிங் காலத்துக்கு முந்தைய வழக்கப்படி சில காட்சிகளை வேறு மொழிக்காகத் தனியாக எடுத்தார்கள். அதில் லோரே தானே ஆங்கிலம் பேசி நடித்திருக்கிறார். 2011-இல், படத்தின் 80-ஆவது வருஷத்துக்கு, ஜெர்மனியில் இன்னொரு டிஜிட்டல் சீரமைப்பும் நடந்தது. புள்ளியும் கோடும் இன்னும் குறைவாக வேண்டும் என்றால் அந்த வழியில் தேடுங்கள். எனக்கு 2010 வட்டுகளே போதும்.

ஏஐ மென்பொருளா? வேண்டாம். உங்கள் வட்டு, உங்கள் கணினி, யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அது இல்லாத விவரத்தை ஊகித்துப் போடுகிற கருவி. தூரத்தில் நிற்கும் கூட்டத்தில் மங்கலாக இருக்கும் முகத்துக்குத் தான் முன்பு பார்த்த ஆயிரம் முகங்களின் சராசரியிலிருந்து கண்ணும் மூக்கும் வரையும். இந்தப் படத்தில் இன்ஸ்பெக்டர் லோமனின் ஆட்கள் எதைத் தேடி அலைகிறார்கள்? பத்திரிகைக்கு வந்த கடிதத்தை எழுதிய சிவப்புப் பென்சில், சொரசொரப்பான மரப்பலகையின் தடம், ஒரு சிகரெட் துண்டு. இத்தனை நுணுக்கமான தடயங்களை வைத்துக் கட்டிய படத்தில், யாருமே விட்டுப்போகாத தடயத்தை ஒரு இயந்திரம் வரைந்து வைப்பதை நான் வீட்டில்கூட அனுமதிக்க மாட்டேன்.

அதற்குப் பதில் டிவியைத் திருத்துங்கள். படக்குறைகள் என்று நீங்கள் எழுதியதில் கொஞ்சம் டிவி செய்த வேலையாகவும் இருக்கும். கூர்மையைக் கூட்டும் அமைப்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், அது ஒவ்வொரு துகளுக்கும் வெள்ளைக் கரை கட்டும். அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பு, இரைச்சல் நீக்கம் இரண்டையும் நிறுத்துங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டால் இவை எல்லாம் ஒரே அடியில் அணைந்துவிடும். 'ஜூம்' பக்கமே போகாதீர்கள். அறை விளக்கை அணைத்துவிட்டால் இரண்டு பக்கக் கறுப்பும் ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குப் பழகிவிடும்.

இன்னொரு வட்டு வாங்குவதாக இருந்தால், எந்த நாட்டுப் பிளேயரில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியை முதலில் பாருங்கள். அமெரிக்க ப்ளூ-ரே 'ஏ', பிரிட்டன், ஜெர்மனி 'பி', இந்தியாவில் விற்கும் பிளேயர் 'சி'. சிங்கப்பூர், மலேசியா வாசகர்களுக்கு 'ஏ' வட்டு அப்படியே ஓடும். நம் ஊரில் மண்டலப் பூட்டு இல்லாத பிளேயர் வேண்டும். உங்களிடம் ஓடுகிறது என்கிறீர்கள், ஆகவே அந்தப் பிளேயரைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், பழுதானால் அதே மாதிரி இன்னொன்று தேடுவதுதான் இப்போதெல்லாம் கஷ்டம்.